வெள்ளைப் பூ கொடுத்த அனுமதி

என் தங்கை புருஷன் பரஞ்சோதியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைக் கெடா மாநிலத்தில் பாடாங் செராயிலிருந்து அலோர் ஸ்டார் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவனுக்குப் பேய் பட்டப்பகலில், தபால்காரர் கையில், வெள்ளை உறையில் வரும். வயது நாற்பத்தேழு. தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறான். சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் ‘போ, போ’ என்று கையை ஆட்டினாலும் நின்றுவிடுவான். நின்று, லைசன்ஸை எடுத்து நீட்டி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இவனே கேட்பான். பத்தொன்பது வருஷத்தில் ஒரு சம்மன்கூட வாங்கியதில்லை.

நான் பீடோங்கில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். ஊரார் கடிதங்களைப் படித்துச் சொல்வது, பாரம் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் என் வேலை. அதனால் அவன் பயத்தை அதிகமாகக் கிண்டல் செய்தவனும் நான்தான். கிண்டலுக்கு நடுவிலும் ஒன்றை மறக்கக்கூடாது. அவன் அப்பா முனியாண்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய வருஷம் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கணக்கெழுதும் கிராணி கைநாட்டு வைக்கச் சொன்னார், வைத்தார். மூன்று மாதத்தில் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பெய்த மழையில் அலமாரியையும் ஆட்டுக்கல்லையும் லோரியில் ஏற்றியபோது பரஞ்சோதிக்குப் பதினாலு வயது. கடிதம் என்றால் வீடு போகும் என்று அன்றைக்கு மனதில் பதிந்தது, இன்றுவரை போகவில்லை.

மைக்கைப் பிடித்தால் மட்டும் ஆள் மாறிவிடுவான். லயம் போய், பால் வெட்டிய கித்தா மரம் போய், சுற்றிலும் செம்பனை வந்துவிட்டாலும் முனீஸ்வரன் கோயில் அதே இடத்தில் இருக்கிறது. வருஷாவருஷம் திருவிழாவில் இவன் பாட்டுத்தான். அதிலும் ஒரு பாட்டு உண்டு. அது தொடங்கினால் உருமி அடிக்கிறவனுக்கே மயிர்க்கூச்செறியும், பெண்கள் வரிசையில் இரண்டு பேருக்காவது அருள் வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அந்த மெட்டு ஒரு தாலாட்டு. தோட்டத்தில் ஒரு கேசட் வீடு வீடாகச் சுற்றியது. ஒருவர் பதிந்ததிலிருந்து இன்னொருவர் பதிந்து, அதிலிருந்து மூன்றாமவர் பதிந்து, பெயர் போட்ட காகிதமெல்லாம் எப்போதோ தொலைந்துபோயிற்று. அதில் ஒரு பெண் குரல், ஆற்றுமுகத்தில் படகு திரும்பி வருகிறது, நீ தூங்கு என்று பிள்ளைக்குப் பாடும். பரஞ்சோதி இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த மெட்டுக்குச் சொந்தமாக வரி எழுதினான். படகு வந்த இடத்தில் வெள்ளைக் குதிரை வந்தது. தூங்கச் சொன்ன இடத்தில் எழுந்து வரச் சொன்னான். யார் மெட்டு என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வினை அவன் மகள் ரூபினி ரூபத்தில் வந்தது. கூலிமில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்கிற பெண், கெட்டிக்காரி. அப்பா பாட்டு இப்படிக் காட்டுக்குள்ளேயே கிடக்கிறதே என்று, சிநேகிதி ஒருத்தியின் ஸ்டூடியோவில் முறையாகப் பதிந்து, இணையத்தில் எல்லா இடத்திலும் வெளியிட ஏற்பாடு செய்தாள். அதற்கொரு பாரம் நிரப்ப வேண்டும். அதில் இரண்டு கேள்வி. இது வேறு பாட்டைத் தழுவியதா? ஆம் என்றால், உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி உண்டா? அவள் அப்பாவிடம் கேட்டாள். வேறொருவனாக இருந்தால் ‘உண்டு’ என்று தட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான். இவன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பாட்டே வேண்டாம் என்றான். அப்புறம் வேண்டும் என்றான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். பாடுவது முனீஸ்வரனை, பாடுகிற இடம் அவர் சந்நிதி, ஆடுகிறவரும் அவர்தான். ஆகவே உரிமையாளர் அவரே.

செவ்வாய்க்கிழமை வேன் ஓட்டம் முடிந்ததும் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தான். கல்யாணத்துக்கும் வீடு வாங்குவதற்கும் எங்கள் ஆட்கள் பார்ப்பதுதான். ஒரு வெற்றிலையில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ, இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டி, சாமி காலடியில் போட்டு, பூசாரியை ஒன்று எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். வெள்ளை வந்தது. இவனுக்கு ஒருமுறை போதாது. மூன்று முறை எடுக்கச் சொன்னான், மூன்று முறையும் வெள்ளை. வீட்டுக்கு வந்து, அனுமதி கிடைத்துவிட்டது, ஆம் என்று போடு என்று மகளிடம் சொன்னான். யாரிடம் கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. இசையமைத்தவர் யார் என்ற இடத்தில் ‘பாரம்பரியப் பாடல்’ என்று போட்டு அனுப்பிவிட்டாள்.

பாட்டு ஓடியது. ஜொகூர் கோயிலில் போட்டார்கள், சிலாங்கூரில் போட்டார்கள், முகம் தெரியாதவர்களெல்லாம் அதற்கு ஆடி வீடியோ போட்டார்கள். எட்டு மாதம் பரஞ்சோதி தலை நிமிர்ந்து நடந்தான். ஒன்பதாம் மாதம் பதிவுத் தபால் வந்தது.

அதை அவன் திறக்கவே இல்லை. வேனில் டிரைவர் சீட்டுக்கு அடியில் நாலு நாள் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே உட்கார்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்கியிருக்கிறான். ஐந்தாம் நாள் என் கடைக்கு வந்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

“மச்சான், இத தொறக்காம ஒரு காப்பி எடுக்க முடியுமா?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். உறையைக் கிழித்துப் படிக்கப் படிக்க எனக்கும் சிரிப்பு அடங்கிவிட்டது. கோலாலம்பூரிலிருந்து ஒரு லோயர் ஆபீஸ் எழுதியிருந்தது. அந்தத் தாலாட்டின் மெட்டு தங்கள் கட்சிக்காரரான ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அதை அனுமதியில்லாமல் மாற்றி வெளியிட்டிருக்கிறீர்கள். அதோடு, எழுத்துப்பூர்வ அனுமதி இருப்பதாகப் பாரத்தில் உறுதிமொழி கொடுத்திருக்கிறீர்கள். பதினாலு நாளுக்குள் அந்த அனுமதியைக் காட்டவும். இல்லாவிட்டால் கோர்ட்.

காப்பிக் கடையில் இன்னொரு வேன் டிரைவர் லோகன், கோர்ட்டில் பெயர் விழுந்தால் பிள்ளைகளை ஏற்றுகிற லைசன்ஸைப் புதுப்பிக்கமாட்டார்கள் என்று சொல்லிவைத்திருந்தான். உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பரஞ்சோதிக்கு அது வேதவாக்கு. லைசன்ஸ் புதுப்பிக்க இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. வேன் போனால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது. தாமான் குடியிருப்பில் இருக்கும் வீடும் வேனை நம்பித்தான் நிற்கிறது. மறுபடியும் ஒரு கடிதம் தன்னை வீட்டைவிட்டுத் துரத்த வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டான். நான் அனுமதியைப் பற்றிக் கேட்டபோதுதான் பூ விஷயமே வெளியில் வந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். இங்கே பூசாரியும் கொடுத்துவிட்டார், லோயர்தான் கொடுக்கவில்லை. மூன்று வெள்ளைப் பூவையும் உறையில் போட்டுக் கோலாலம்பூருக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். பரஞ்சோதி ஒரு கணம் நிஜமாகவே யோசித்தான்.

அவனால் வீட்டில் இருக்க முடியவில்லை. வாசலில் மோட்டார் சத்தம் கேட்டால் பின்கட்டுக்குப் போய் நின்றுகொள்கிறான் என்று என் தங்கை பிரேமாவதி போனில் அழுதாள். வேன் கண்ணாடியில் அடிக்கடி பின்னால் பார்க்கிறாராமே, ஏன் என்று ஒரு பிள்ளையின் அம்மா கேட்டிருக்கிறாள். ரூபினிதான் உட்கார்ந்து தேடினாள். பழைய வானொலி ரசிகர்களின் ஃபேஸ்புக் கூட்டத்தில் பாட்டைப் போட்டு, மூலக்குரல் யாருடையது என்று கேட்டாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. பெயர் சீதாலட்சுமி. மெட்டும் அவருடையதுதான். உயிரோடு, கோலா கெடாவில் இருக்கிறார்.

சனிக்கிழமை நானும் அவனும் வேனில் போனோம். ஐம்பதுக்கு மேல் ஓட்டவில்லை. வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். லங்காவி படகுத்துறைக்குப் போகிற பாதையில் சீதாலட்சுமியின் கருவாட்டுக்கடை. அவருக்கு அறுபத்தாறு வயது, சட்டையில் உப்பு, காதில் சின்னத் தோடு. சுற்றுலாக்காரர்களுக்கு நெத்திலி எடை போட்டுக்கொண்டிருந்தார். பரஞ்சோதி ஒத்திகையை மறந்து என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். நான்தான் கதையைச் சொன்னேன், பூவையும் விடாமல். அவர் தராசை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்து, உடம்பு குலுங்கச் சிரித்தார்.

“நான் புள்ளயத் தூங்க வைக்கப் பாடுனேன். நீங்க அத வச்சு முனீஸ்வரனையே எழுப்பி விட்டுட்டீங்களே, தம்பி.”

அவருக்கு விஷயம் தெரிந்தே இருந்தது. கொழுந்தன் மகள் அந்தப் பாட்டைப் போனில் போட்டுக் காட்டியிருக்கிறாள். மெட்டு தன்னுடையது என்று கேட்டவுடனே தெரிந்திருக்கிறது. கோபம் வந்ததா என்று கேட்டேன். மெட்டை எடுத்ததற்கு வரவில்லை, ‘பாரம்பரியம்’ என்று போட்டதற்கு வந்தது என்றார். செத்துப்போனவர்கள் பாட்டைத்தானே அப்படிச் சொல்வார்கள், நான் இங்கே கருவாடு விற்றுக்கொண்டிருக்கிறேனே என்றார். பரஞ்சோதி கையெடுத்துக் கும்பிட்டான். பாடிக்காட்டச் சொன்னார். அவன் சின்னக் குரலில் தொடங்கினான். இரண்டாம் அடியில் அவரும் சேர்ந்துகொண்டார். அவன் குதிரை என்ற இடத்தில் அவர் படகு என்றார், இருவரும் நிறுத்தவில்லை. நெத்திலி வாங்க வந்தவர்கள் காசை நீட்டியபடியே நின்றார்கள். அன்றைக்கு அந்தக் கடையில் எனக்குக் கண் கலங்கியது, வெங்காயம் எதுவும் இல்லை.

அனுமதிக் கடிதத்தை அவரே எழுதினார். பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, நல்ல கையெழுத்தில், என் மெட்டைப் பரஞ்சோதி என்பவர் முனீஸ்வரன் பாட்டுக்குப் பயன்படுத்திக்கொள்ள மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன், என் பெயரைப் போட வேண்டும் என்று எழுதி, அடையாள அட்டையின் ஐசி நம்பர், கையெழுத்து, தேதி எல்லாம் வைத்தார். ஒரு கிலோ நெத்திலியும் கட்டிக் கொடுத்தார். திரும்பி வரும்போது பரஞ்சோதி ஒரு செம்பனை லோரியை முந்தினான். அவன் வாழ்க்கையில் அது முதல் தடவையாக இருக்கும்.

அந்தத் தாளை நான்தான் ஸ்கேன் எடுத்தேன். நான்தான் இங்கிலீஷில் முன்கடிதம் எழுதினேன். பார்த்தீர்களா, மெட்டுப் போட்டவரே சம்மதம் கொடுத்துவிட்டார் என்று கெத்தாக எழுதி லோயருக்கு அனுப்பினேன். வேலியில் போன ஓணானை எடுத்து அந்த அம்மா மடியில் கட்டிவிட்டேன் என்று அப்போது தெரியவில்லை.

ஆறாம் நாள் பதில் வந்தது. சீதாலட்சுமி அந்த மெட்டின் முழு உரிமையையும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டிலேயே கேசட் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் கம்பெனியை வாங்கியவர்தான் எங்கள் கட்சிக்காரர். ஆகவே அனுமதி கொடுக்க அந்த அம்மாளுக்கு எந்த அதிகாரமும் இல்லை. அவருக்குத் தனியாக எழுதுகிறோம். நீங்கள் ஏழு நாளுக்குள் பாட்டை நீக்கிவிட்டு, இதோடு இருக்கும் உறுதிமொழியில் கையெழுத்திட்டு அனுப்பினால் உங்கள் அளவில் விஷயத்தை முடித்துக்கொள்கிறோம்.

பரஞ்சோதி காதில் கடைசி வாக்கியம் மட்டும் விழுந்தது. கடை நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. ரூபினிக்குப் போன் போட்டான், பத்து நிமிஷத்தில் பாட்டு எல்லா இடத்திலிருந்தும் போய்விட்டது. அப்புறம் உறுதிமொழியை நீட்டி, எங்கே போட வேண்டும் என்று கேட்டான். நான் படித்தேன். நாலே பத்தி. மூன்றாவது பத்தியில், ‘சீதாலட்சுமி என்பவர் தமக்கு உரிமை இருப்பதாகச் சொல்லிக் கொடுத்த அனுமதியை நம்பியே நான் இந்தப் பாட்டை வெளியிட்டேன்’ என்று இருந்தது.

அது பொய். பாட்டு வெளிவந்தது போன வருஷம். அந்த அம்மா தாளைக் கிழித்து எழுதியது போன வாரம். யார் பார்த்தாலும் தேதி இடிக்கும். ஆனால் லோயர் வெளியீட்டுத் தேதியை எங்கேயும் போடவில்லை, எங்கள் முன்கடிதத்திலும் நான் அதைச் சொல்லவில்லை. நான் பரஞ்சோதிக்கு நிதானமாக விளக்கினேன். இதில் கையெழுத்துப் போட்டால் பழி அங்கே போகும், வேண்டுமானால் இந்தப் பத்தியை எடுக்கச் சொல்லி எழுதலாம் என்றேன். எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டான். மறுபடி ஒரு கடிதம் வரும், அப்படியென்றால் முதலில் கிடைத்த அனுமதி எது என்று கேட்பார்கள், பூ விஷயம் வெளியில் வரும், பாரத்தில் கொடுத்த பொய் உறுதிமொழி உன் பெயரில் நிற்கும் என்றேன். மறுபடி ஒரு கடிதம் என்றதும் அவன் உதடு நடுங்க ஆரம்பித்தது.

“போடணுமா வேணாமா, மச்சான்? அத மட்டும் சொல்லு.”

ஒரு மனிதன் அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை. என் தங்கை முகம் கண்முன் வந்தது, வேன் வந்தது, வீடு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பயம். முன்கடிதத்தில் இருந்தது என் கையெழுத்து. வம்பு வந்தால் என் கடை வாசலுக்கும் வரும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அந்த அம்மா வயசானவர், கருவாடு விற்கிறவர், அவரை யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“போடு” என்றேன்.

போட்டான். மூன்று இடத்தில்.

லைசன்ஸ் புதுப்பித்தாயிற்று. யாரும் கோர்ட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அதைக் காப்பி எடுக்க என் கடைக்கு வந்தான். பல வாரம் கழித்து முகத்தில் ஒரு தெளிவு. திருவிழாவுக்கு வேறு மெட்டில் புதுப் பாட்டு எழுதுகிறேன், இந்தத் தடவை மெட்டும் நானே போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது அவன் போன் அடித்தது. பெயரைப் பார்த்தவன் எடுக்கவில்லை. ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“தம்பி, சீதாலட்சுமி பேசறேன், கோலா கெடாவுலேருந்து. நல்லா இருக்கீங்களா? எனக்குத் தபால்ல ஒரு சூராட் வந்துருக்குப்பா. எல்லாம் இங்கிலீஷு. கொழுந்தன் மகதான் படிச்சா. நான் பொய் சொல்லி அனுமதி குடுத்தேனாம், அத நம்பித்தான் நீங்க பாட்ட வெளியில விட்டீங்களாம். கீழ ஒங்க கையெழுத்து இருக்குங்கறா. சின்னப்புள்ள லா, தப்பாப் படிக்கிறாளோன்னு ஒங்ககிட்டயே கேட்டுரலாம்னு எடுத்தேன்.”

பரஞ்சோதி போனைப் பார்த்தபடி நின்றான். அவன் கண்ணில் இருந்த பயம் லோயர் கடிதத்தைப் பார்த்தபோது இருந்த பயம் இல்லை, அதைவிடப் பெரியது. போனை என் பக்கம் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

நான் பேசினேன். அக்கா, நான் அவன் மச்சான், அன்றைக்குக் கூட வந்தவன் என்றேன். கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னென்னவோ உளறினேன். கையெழுத்தைப் பற்றிக் கேட்டாரே, அதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. அவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. பிறகு தாழ்ந்த குரலில், பக்கத்தில் யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோலக் கேட்டார்.

“சாயங்காலம் கடைய எடுத்து வச்சிட்டு, சும்மா உக்காந்து பாடுவேன், தம்பி. அந்தப் பாட்டத்தான். இனிமே பாடுனா புடிச்சிட்டுப் போவாங்களா?”

எனக்குச் சட்டம் தெரியாது. வாசலில் உட்கார்ந்து ஒரு தாலாட்டுப் பாடுகிறவரை யாரும் பிடிக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதைச் சொல்லியிருக்கலாம். அந்தக் கடிதத்தில் இருப்பது பொய், என்னிடம் தேதி இருக்கிறது என்றும் சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

“கொஞ்ச நாளைக்குப் பாடாம இருங்கக்கா” என்றேன்.

“சரி தம்பி, பாடல” என்றார் சீதாலட்சுமி.